சூடேறினால் நின்றுவிடும் கார்

காலையில் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். இருபது நிமிடம் குறை சொல்ல முடியாதபடி ஓடும். அப்புறம் ஏதாவது ஒரு மேட்டில் ஒரு வெட்டு, இன்னொரு வெட்டு, அதோடு நின்றுவிடும். ஓரங்கட்டிவிட்டு அரை மணி காத்திருந்தால் எதுவுமே நடக்காததுபோல் மறுபடி ஸ்டார்ட் ஆகும். பட்டறைக்குக் கொண்டுபோனால் அங்கே ஒழுங்காக ஓடிக் காட்டும். பழைய ஸ்போர்ட்ஸ் காரில் வருகிற எஞ்சின் கோளாறுகளிலேயே மனிதரை அதிகம் அலைக்கழிப்பது இதுதான். பெட்ரோல் வரவில்லை என்று ஒருவர் கார்புரேட்டரைக் கழற்றுவார். காயில் போய்விட்டது என்று இன்னொருவர் புதிது வாங்கி மாட்டுவார். பம்ப், பிளக், வயர் எல்லாம் மாறும். பணம் கரையும். கோளாறு இருந்த இடத்திலேயே இருக்கும்.

சந்தேகப்பட்ட பாகத்தையெல்லாம் மாற்றிப் பார்ப்பது நோய்நாடல் ஆகாது என்பது என் உறுதியான கருத்து. எஞ்சினிடம் ஒரு நேரத்தில் ஒரு கேள்வி கேட்க வேண்டும். கிடைக்கும் பதில், சந்தேகப் பட்டியலில் பாதியையாவது வெட்டிவிடுகிற கேள்வியாக அது இருக்க வேண்டும். எந்தக் கேள்வி அப்படிப்பட்டது என்பதைச் சொல்வது இயற்பியல்.

எம்.ஜி.பி. என்ற பிரிட்டிஷ் காரை எடுத்துக்கொள்வோம். ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே ஆபிங்டன் ஊரில் 1962 முதல் 1980 வரை தயாரானது; மேற்கூரை மூடிய ஜி.டி. வகையையும் சேர்த்தால் 5 லட்சத்துக்கும் மேல். 1798 சி.சி. கொள்ளளவு, நான்கு சிலிண்டர், பக்கத்தில் இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர்கள். இந்த எஞ்சின் பி.எம்.சி. நிறுவனத்தின் ‘பி சீரிஸ்’ குடும்பத்தைச் சேர்ந்தது. நம்மூர்ச் சாலைகளில் பல்லாண்டு ஓடிய அம்பாசடரின் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினும் இதே குடும்பம்தான். அம்பாசடரைப் பிரித்து மாட்டிய மெக்கானிக்குக்கு எம்.ஜி.பி.யின் பானெட்டைத் திறந்தால் அந்நியமாக எதுவும் தெரியாது.

இதில் கணினி கிடையாது, சென்சார் கிடையாது, கோளாறு எண் காட்டும் கருவியைச் சொருக இடமும் கிடையாது. ஆனால் எஞ்சினில் நடப்பது எல்லாமே கண்ணுக்கும் காதுக்கும் எளிய மீட்டருக்கும் அகப்படும். பெட்ரோல் எஞ்சின் ஓட மூன்று வேண்டும்: சரியான அளவில் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை, அதை இறுக்கி அமுக்கும் கம்ப்ரெஷன், சரியான கணத்தில் தீப்பொறி. நின்றுபோன எஞ்சினில் இந்த மூன்றில் எது விட்டுப்போனது என்பதுதான் முதல் கேள்வி. சூடேறினால் நின்று, ஆறினால் ஓடும் வண்டியில் கம்ப்ரெஷன் மீது சந்தேகம் குறைவு. வால்வும் ரிங்கும் அரை மணியில் தேய்ந்து மறு அரை மணியில் வளர்ந்துவிடுவதில்லை. மீதி இரண்டு: பெட்ரோலா, கரண்டா?

பதில் சொல்லும் கருவி டாஷ்போர்டிலேயே இருக்கிறது. 1964க்குப் பிந்தைய எம்.ஜி.பி.களில் எஞ்சின் சுழற்சியைக் காட்டும் டேக்கோமீட்டர் மின்னணு வகை. இக்னிஷன் காயிலுக்குப் போகும் கரண்ட் விட்டு விட்டுப் பாய்வதை எண்ணித்தான் அது முள்ளை நகர்த்துகிறது. அதாவது அது நேரடியாக அளப்பது எஞ்சினை அல்ல, காயிலின் கரண்ட்டை. வண்டி ஓடும்போது எஞ்சின் அறுந்தால் கிளட்சை மிதிக்காமல் ஒரு நொடி கியரிலேயே உருள விடுங்கள். சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்றிக்கொண்டிருக்கும். காயிலின் கரண்ட்டை விட்டு விட்டுத் துண்டிக்கும் பாயின்ட்டும் திறந்து மூடிக்கொண்டிருக்கும். அந்நேரம் முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தால் காயிலுக்கு வரும் கரண்ட் பாதையில் வெட்டு: இக்னிஷன் ஸ்விட்ச், வயர் முனை, பாயின்ட் அல்லது ஷார்ட் ஆன கண்டென்சர். முள் வெறிபிடித்ததுபோல் குதித்தால் பாயின்ட் அல்லது கண்டென்சர் பக்கம் பாருங்கள். முள் வண்டியின் வேகத்தோடு நிதானமாக இறங்கினால் அந்தப் பாதை நலமாக இருக்கிறது. குறை பெட்ரோலில், அல்லது காயிலிலிருந்து பிளக் வரை போகும் உயர்மின்னழுத்தப் பக்கத்தில். ஸ்பேனரைத் தொடாமலே பாதிச் சந்தேகம் தீர்ந்தது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் கார்புரேட்டரில் கை வைப்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

கரண்ட் பக்கம் என்று தெரிந்தால் அங்கே என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்வது உதவும். காயிலுக்குள் இரண்டு சுற்றுகள். தடித்த கம்பியில் குறைந்த சுற்றுகள் கொண்ட முதன்மைச் சுற்று. மெல்லிய கம்பியில் ஆயிரக்கணக்கான சுற்றுகள் கொண்ட இரண்டாம் சுற்று. பாயின்ட் மூடியிருக்கும்போது பேட்டரியின் 12 வோல்ட் முதன்மைச் சுற்றில் காந்தப்புலத்தை வளர்க்கிறது. பாயின்ட் திறக்கும் கணத்தில் அந்தப் புலம் சரிகிறது. எவ்வளவு வேகமாகச் சரிகிறதோ அவ்வளவு அதிக வோல்ட் இரண்டாம் சுற்றில் தூண்டப்படும். மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்ட விதி இதுதான். பிளக்கில் தீப்பொறி பாய இருபதாயிரம் வோல்ட் வரை தேவைப்படலாம்.

கண்டென்சரின் வேலை இங்கேதான். பாயின்ட் திறந்தாலும் காயிலில் பாய்ந்துகொண்டிருந்த கரண்ட் உடனே நிற்காது. திறந்த இடைவெளியில் பொறியாகத் தாவப் பார்க்கும். தாவினால் புலம் மெதுவாகச் சரியும், வோல்ட் ஏறாது, பாயின்ட்டும் கருகும். சுண்டுவிரல் அளவுள்ள கண்டென்சர் அந்தக் கரண்ட்டைத் தனக்குள் வாங்கி, பாயின்ட் போதுமான தூரம் விலகுவதற்குக் கணநேர அவகாசம் தருகிறது. அதன் கொள்திறன் சுமார் 0.2 மைக்ரோஃபாரட்தான். எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்று சுற்றும்போது இது நொடிக்கு 200 முறை நடக்கிறது. ஒவ்வொரு பொறிக்கும் கிடைக்கும் 5 மில்லி நொடியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நேரம்தான் காயில் நிறைய அவகாசம். கண்டென்சரின் உள்ளிணைப்பு சூட்டில் விரிந்து விட்டுப்போனால் பொறி பலவீனமாகும். ஆறியதும் இணைப்பு மீண்டும் சேரும். வண்டி ஓடும்.

காயிலும் சூட்டில் மாறும். செப்புக் கம்பியின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் கூடும். 20 டிகிரியில் 3 ஓம் இருந்த சுற்று 100 டிகிரியில் 4 ஓமை நெருங்கும். கரண்ட் அந்த அளவுக்குக் குறையும். நல்ல காயில் இதைத் தாங்கும். உள் இன்சுலேஷன் விரிசல் விட்ட காயில் தாங்காது. ஆறிப்போன காயிலைப் பட்டறை மேசையில் வைத்து ஓம் அளப்பது, காய்ச்சல் விட்ட பிறகு நாடி பார்ப்பதுபோல. வண்டி நின்ற அந்த நிமிடத்தில், நின்ற இடத்தில், சூட்டோடு அளக்க வேண்டும். காயிலின் நடு வயரில் ஒரு பழைய பிளக்கை மாட்டி, அதன் உடலை எஞ்சின் இரும்பில் அழுத்தி, பெட்ரோல் வாடை இல்லாத இடத்தில் வைத்து எஞ்சினைச் சுற்றிப் பாருங்கள். கணீரென்ற நீலப் பொறி என்றால் காயிலும் கண்டென்சரும் பாயின்ட்டும் நலம். மஞ்சளாக, மெலிந்து, விட்டுவிட்டு வந்தால் குற்றவாளி அங்கேயே இருக்கிறான். கையுறையும் இன்சுலேட்டட் குறடும் அவசியம். சூடான காயிலைக் கையால் பிடிக்க வேண்டாம்.

மாற்றுக் காயிலையும் கண்டென்சரையும் காரிலேயே வைத்திருப்பவர்கள் அனுபவசாலிகள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 1967 கடைசி வரை வந்த எம்.ஜி.பி.களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். பிற்காலத்து நெகட்டிவ் எர்த் முறைக்கென்று செய்த மின்னணு இக்னிஷனை அப்படியே இதில் மாட்டினால் அந்தக் கணமே கருகும்.

இனி பெட்ரோல் பக்கம். எம்.ஜி.பி.யில் பெட்ரோல் பம்ப் பின்பக்கம், சக்கரத்தை ஒட்டி இருக்கிறது. அது மின்காந்தத்தால் ஒரு ரப்பர் திரையை இழுத்து விடும் எளிய பொறி. ஒவ்வொரு இழுப்புக்கும் ‘டிக்’ என்று ஒலிக்கும். சாவியைப் போட்டதும் வேகமாகச் சில ‘டிக்’. கார்புரேட்டரின் ஃபுளோட் கிண்ணம் நிறைந்ததும் ஒலி நிற்கும். இதைக் காதால் கேட்டே கோளாறை இனம் காணலாம். ஒலியே இல்லை, கிண்ணமும் காலி என்றால் பம்பின் பாயின்ட் ஒட்டிக்கொண்டது அல்லது கரண்ட் வரவில்லை. நிற்காமல் படபடவென்று அடித்தால் டேங்க் காலி, அல்லது குழாயில் எங்கோ காற்று உறிஞ்சுகிறது. எஞ்சின் ஓடாதபோதும் நிதானமாக அடித்துக்கொண்டே இருந்தால் ஃபுளோட் ஊசியில் அழுக்கு. பெட்ரோல் வழிந்துகொண்டிருக்கிறது, உடனே நிறுத்துங்கள், தீப்பிடிக்கும். வண்டி நின்றதும் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கப்பட்டு, அதன்பின் வண்டி ஓடினால், மூடியின் சுவாசத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் வெளியேற வெளியேற டேங்க்குக்குள் வெற்றிடம் கூடி, பம்பால் இழுக்க முடியாமல் போயிருக்கிறது. அரை மணி காத்திருந்தால் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போய்விடும். அதனால்தான் வண்டி ‘தானாகச் சரியானது’. சூட்டுக் கோளாறு என்று நினைத்தது வெறும் மூடிக் கோளாறாக முடியும்.

பெட்ரோல் ஆவியாகி வழியை மறிப்பது இன்னொரு காரணம். பி சீரிஸ் எஞ்சினில் புகைக்குழாயும் கார்புரேட்டர்களும் ஒரே பக்கம். கார்புரேட்டர்களுக்குக் கீழேயே புகைக்குழாய் கொதிக்கிறது. ஆனால் இதற்கு ஒரு தனி அடையாளம் உண்டு. வேகமாக ஓடும்போது காற்று வீசிக் குளிர்விக்கும், புதுப் பெட்ரோலும் வந்துகொண்டே இருக்கும். அப்போது பெரும்பாலும் இது தலைகாட்டாது. நெரிசலில் ஊரும்போதும், நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்யும்போதும்தான் படுத்தும். நெடுஞ்சாலையில் 80 கி.மீ. வேகத்தில் அறுகிற வண்டிக்கு ஆவியைக் குற்றம் சொல்லும் முன் பலமுறை யோசியுங்கள்.

எத்தனால் கலந்த பெட்ரோல் இந்தப் பக்கத்தைச் சிக்கலாக்கியிருக்கிறது. பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் 10 சதவீதம். இந்தியாவில் இப்போது 20 சதவீதம். பழைய ரப்பர் குழாய்கள் எத்தனாலில் ஊறி உள்பக்கம் உரிந்து, துகள்கள் ஃபுளோட் ஊசியில் போய் உட்காருகின்றன. மேலும், ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். பழைய அளவில் ஜெட் வைத்த கார்புரேட்டரில் கலவை ஒல்லியாகிவிடும், அதாவது காற்றின் அளவுக்கு எரிபொருள் போதாமல் போகும். அம்பாசடரும் பத்மினி காரும் வைத்திருக்கும் நம்மவர்களுக்கும் இது பொருந்தும். குழாய்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

வண்டி நிற்கவில்லை, ஆனால் இழுவை போய்விட்டது, ஐட்லிங் ஆடுகிறது என்றால் விசாரணையின் வரிசை வேறு. முதலில் வால்வு இடைவெளி, பிறகு கம்ப்ரெஷன், பிறகு இக்னிஷன், கடைசியில்தான் கார்புரேட்டர். முந்தியது சரியாகாமல் பிந்தியதைத் திருகினால், ஒரு தவறை மறைக்க இன்னொரு தவறைச் செய்தவர்களாவோம். கார்புரேட்டர் கோளாறு என்று பட்டறைக்கு வருகிறவற்றில் பெரும்பகுதி கடைசியில் கரண்ட் கோளாறாக முடிவது இதனால்தான்.

வால்வு இடைவெளி 0.38 மி.மீ. எட்டு வால்வுகளுக்கும் அழகான கணக்கு ஒன்று இருக்கிறது: எட்டாவது வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது முதலாவதை அளக்க வேண்டும், ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவதை. கூட்டல் எப்போதும் ஒன்பது. அளந்த எண்ணை எழுதி வையுங்கள். ஒரு வால்வின் இடைவெளி ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வந்தால் வால்வு தன் இருக்கைக்குள் புதைந்துகொண்டிருக்கிறது. ஈயம் கலந்த பெட்ரோலில், எரிந்த ஈயச் சேர்மங்கள் இருக்கையில் மெல்லிய படிவமாகி இரும்பும் இரும்பும் நுண்ணளவில் ஒட்டிக் கிழிவதைத் தடுத்தன. ஈயம் மனிதருக்கு நஞ்சு. அதை விலக்கியது முற்றிலும் சரி. இந்தியாவிலும் பிரிட்டனிலும் 2000ஆம் ஆண்டோடு அது போய்விட்டது. பழைய வார்ப்பிரும்பு ஹெட்டுக்குத் தீர்வு, கடினமான உலோக வளையங்களை இருக்கையாகப் பதிப்பது. ஹெட்டை வேறு காரணத்துக்காகக் கழற்றும்போது அதையும் செய்துவிடலாம். இதற்காகவே நல்ல ஹெட்டைக் கழற்ற வேண்டாம்.

கம்ப்ரெஷன் பார்க்க எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், நான்கு பிளக்கும் வெளியே இருக்க வேண்டும், ஆக்ஸிலரேட்டர் முழுதாக மிதித்திருக்க வேண்டும். நல்ல எம்.ஜி.பி. எஞ்சினில் சுமார் 160 பி.எஸ்.ஐ. காட்டும். எண்ணைவிட நான்கும் ஒத்துப்போவதுதான் முக்கியம். ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் அந்தச் சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் கசிவு ரிங் வழியே. ஆயில் அந்த இடைவெளியைத் தற்காலிகமாக அடைத்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் சேர்ந்து இறங்கியிருந்தால் இரண்டுக்கும் நடுவே ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். ஒரு ஸ்பூன் ஆயில் இத்தனை தகவல் தருகிறது என்பது இன்றும் என்னை வியக்க வைக்கிறது.

இவையெல்லாம் சரி என்றான பிறகு எஸ்.யூ. கார்புரேட்டரைத் தொடலாம். இங்கிலாந்தின் ஸ்கின்னர் சகோதரர்கள் 1905 வாக்கில் உருவாக்கியது. காலணி வியாபாரக் குடும்பம் என்பதால் ஆரம்பத்தில் அதன் துருத்தியைத் தோலால் செய்தார்கள். மற்ற பெரும்பாலான கார்புரேட்டர்களில் வெவ்வேறு வேகத்துக்கு வெவ்வேறு ஜெட்கள். எஸ்.யூ.வில் ஒரே ஜெட், அதற்குள் ஏறி இறங்கும் ஒரே கூம்பு ஊசி. எஞ்சின் அதிகக் காற்று கேட்டால் மேலே உள்ள உலோக பிஸ்டன் உயர்ந்து வழியை அகலமாக்கும். ஊசியும் கூடவே உயர்ந்து அதற்கேற்ற பெட்ரோலை விடும். காற்றின் வேகம் ஜெட்டின் மேல் ஏறக்குறைய மாறாமலே இருக்கும். எந்திரவியலில் இவ்வளவு குறைந்த பாகங்களில் இவ்வளவு சாதித்த சாதனங்கள் அதிகம் இல்லை என்பேன்.

தன் நிலையைத் தானே சொல்லும் வசதியும் இதில் உண்டு. அடியில் உள்ள சிறு பின்னை விரலால் தள்ளி பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்துங்கள். காற்று சற்றுக் கூடி, கலவை ஒல்லியாகும். ஐட்லிங் வேகம் ஏறி, ஏறியபடியே இருந்தால் கலவை ஏற்கெனவே தடிப்பு. எஞ்சின் அமுங்கி நின்றால் ஏற்கெனவே ஒல்லி. ஒரு கணம் ஏறிப் பழைய நிலைக்கு வந்தால் சரி.

ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மிதித்தால் வண்டி ஒரு கணம் தயங்குகிறதா? மேலே உள்ள டேம்பர் குழலில் ஆயில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஆயில் பிஸ்டனின் எழுச்சியைச் சற்றுத் தாமதப்படுத்தி, ஜெட்டின் மேல் உறிஞ்சலைக் கூட்டி, அந்தக் கணத்துக்குத் தேவையான கூடுதல் பெட்ரோலை வரவழைக்கிறது. ஆயில் வற்றினால் பிக்கப் போய்விடும். ஐட்லிங் ஒரு நிலையில் நிற்காமல் ஏறி இறங்கினால், திராட்டில் தண்டின் இரு முனைகளும் தேய்ந்து காற்று திருட்டுத்தனமாக நுழைகிறதா என்று பாருங்கள். அந்த இடத்தில் விரல்நுனியால் கொஞ்சம் கிரீஸ் தடவினால் ஐட்லிங் மாறும். அப்படி மாறினால் தண்டையும் புஷ்ஷையும் மாற்றாமல் எந்த ஸ்குருவைத் திருகியும் பயனில்லை. இரண்டு கார்புரேட்டர்களும் சமமாக உறிஞ்சுகின்றனவா என்பதற்கு ஒரு முழ ரப்பர் குழாய் போதும். ஒரு முனை காதில், மறுமுனை கார்புரேட்டர் வாயில். இரண்டிலும் ஒரே ‘ஸ்ஸ்’ கேட்க வேண்டும்.

புதிதாக வாங்கும் பாகங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இன்று கிடைக்கும் மறுதயாரிப்பு கண்டென்சர்களிலும் ரோட்டார்களிலும் தரமற்றவை நிறைய. உயர்மின்னழுத்தத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கிட்டு அனுப்பும் ரோட்டாரின் நடுவில் உள்ள ரிவெட் ஆழமாக இறங்கியிருந்தால் உயர்மின்னழுத்தம் பிளாஸ்டிக்கைத் துளைத்துக்கொண்டு உள்ளிருக்கும் தண்டுக்குப் பாய்ந்துவிடும். வண்டி சொல்லாமல் கொள்ளாமல் நிற்கும். புதிதாக மாற்றினேன், அதனால் அது காரணமாக இருக்க முடியாது என்று யாராவது சொன்னால், சந்தேகத்தை அங்கிருந்தே தொடங்குங்கள். ஒரு நேரத்தில் ஒரு பாகம் மட்டும் மாற்றி, ஓட்டிப் பார்த்து, அப்புறம் அடுத்தது. கழற்றிய பழைய பாகம் ஓடுகிற நிலையில் இருந்தால் தூக்கி எறியாமல் டிக்கியில் போட்டு வையுங்கள்.

அடுத்த முறை வண்டி நின்றால், மெக்கானிக்கை அழைக்கும் முன் ஒரு தாளில் எழுதுங்கள்: ஓடத் தொடங்கி எவ்வளவு நேரத்தில் நின்றது, ஓட்டத்திலா நெரிசலிலா, சட்டென்று அறுந்ததா திணறி அடங்கியதா, டேக்கோமீட்டர் முள் என்ன செய்தது, பம்ப் ஒலித்ததா, டேங்க் மூடியைத் திறந்ததும் காற்று இழுத்ததா, எவ்வளவு நேரம் கழித்து மறுபடி ஓடியது. அந்தத் தாளை அவர் கையில் கொடுங்கள். எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று அவர் சொன்னாலும், எந்த அளவீட்டை வைத்துச் சொல்கிறார் என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல மெக்கானிக் அதைச் சந்தோஷமாகக் காட்டுவார்.